ஊட்டும் கையும் உண்ணும் கையும்

(வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு உண்ணும் திறன் கற்பித்தல் பற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி என்றதும் எழுத்தும் எண்ணும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் சில இல்லங்களில் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்பாகக் கற்பிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தட்டிலுள்ள உணவை எடுத்து, வாயிலிட்டு, மென்று, விழுங்குதலே அப்பாடம். ஏனைய குழந்தைகள் எவரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்ளும் இச்செயலை, மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவற்றுடன் வளரும் குழந்தைகள் பலர் ஆண்டுக்கணக்கில் முயன்று கற்க வேண்டியவர்களாக இருக்கின்றனர். அதனைக் கற்பிக்கும் நெறி யாது, தாயும் தந்தையும் பாட்டியும் செய்யத்தக்கன எவை, செய்யத்தகாதன எவை என்பவையே இவ்வுரையின் பொருள்.

ஒரு கவளத்தின் பயணம்

ஒரு கவளம் தட்டிலிருந்து வயிற்றைச் சேர்வது மிக எளிய செயல் போலத் தோன்றும். உண்மையில், உடல் ஆற்றும் நுட்பமான பணிகளுள் அதுவும் ஒன்று. கண் உணவைக் காண வேண்டும். கை அதனை அடைய வேண்டும். விரல்கள் குவிந்து எடுக்க வேண்டும். முழங்கை மடங்க வேண்டும். உரிய நொடியில் வாய் திறக்க வேண்டும். உணவு உள்ளே சென்றதும் உதடுகள் மூடுகின்றன. நாக்கு அதனைக் கடைவாய்ப் பற்களிடம் ஒதுக்குகிறது. தாடை அரைக்கிறது. உமிழ்நீர் கலந்து அஃது ஓர் உருண்டையாகிறது. அவ்வுருண்டையை நாக்கு பின்னே தள்ளும்போது குரல்வளை மேலெழுந்து மூச்சுக்குழாயின் வாயில் அடைபடுகிறது. மூச்சு ஒரு கணம் நிற்க, உணவு உணவுக்குழாயில் இறங்குகிறது. 30-க்கும் மேற்பட்ட தசைகள் முறை பிறழாது இயங்கினால்தான் ஒரு விழுங்கல் நிறைவேறும்.

பொதுவாக 6 மாதம் நிறைந்ததும் குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் இணையுணவு தொடங்கப்படுகிறது. ஏறத்தாழ 9 மாதத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் குவிந்து ஒரு பருக்கையை எடுக்கும். ஓராண்டு நிறையும் காலத்தில் குழந்தை கரண்டியைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோக முயலும். 2 வயதை நெருங்கும்போது அதிகம் சிந்தாமல் தானே உண்ணும்.

வளர்ச்சிக் குறைபாடு இத்தொடரில் எங்கேனும் ஒரு கண்ணியைத் தளர்த்திவிடுகிறது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்குத் தலை நிற்பதில்லை. கை நினைத்த இடத்திற்குச் செல்வதில்லை. கரண்டி பட்டதும் பற்கள் அதனை இறுகக் கவ்விக்கொள்ளும். நாக்கு உணவை உள்ளே வாங்காமல் வெளியே தள்ளும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குத் தசைகள் தளர்ந்திருக்கும், பற்கள் காலந்தாழ்த்தி முளைக்கும், மெல்லுதல் வலுவற்றிருக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கையும் வாயும் செவ்வனே இயங்கினும், உணவின் மணமோ நிறமோ தொடுஉணர்வோ பொறுக்கமுடியாத தொல்லையாகத் தோன்றும். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தை எடுப்பதையும் உண்பதையும் கற்றபின்னும், மெல்லாமல் வாய் நிறையத் திணித்துக்கொள்ளும். ஆகவே, "இந்தக் குழந்தை சாப்பிடுவதில்லை" என்று சொல்வதோடு நின்றுவிடாமல், எந்தக் கண்ணியில் தடை ஏற்படுகிறது என்று ஆராய்வதே கற்பித்தலின் தொடக்கம்.

ஊட்டுதல் நிற்காமல் நீள்வது ஏன்?

10 வயதிலும் 15 வயதிலும் பிள்ளைக்கு ஊட்டிவிடும் தாயர் பலர் உளர். அதற்குக் காரணங்களும் உண்டு. பிள்ளை தானே உண்டால் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஊட்டினால் கால் மணியில் முடியும். தானே உண்டால் பாதி தரையில் சிந்தும். ஊட்டினால் வயிறு நிறையும். எடை குறைந்துவிடுமோ என்னும் அச்சம் ஒருபுறம். விருந்தினர் பார்த்து முகம் சுளிப்பரோ என்னும் கூச்சம் மறுபுறம். இவற்றுக்கெல்லாம் மேலாக, குறையோடு பிறந்த பிள்ளையை இன்னும் வருத்துவானேன் என்னும் இரக்கம். இவற்றுள் ஒன்றையேனும் குறைகூறுதல் தகாது.

எனினும் ஒரு கணக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளைக்கு 5 வயதாகும்போது தாய்க்கு 30 வயது எனின், பிள்ளைக்கு 35 வயதாகும்போது தாய்க்கு 60 வயது. நாளொன்றுக்கு 3 வேளை எனின் ஆண்டொன்றுக்கு 1,095 வேளை. அத்தனை வேளையும் அருகமர்ந்து ஊட்டும் கை தாயின் கை ஒன்றே. அந்தக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு யார் ஊட்டுவது? "எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" என்று வினவும் பெற்றோர் சொத்தையும் பாதுகாவலரையும் எண்ணுகின்றனர். வேளைதோறும் ஊட்டுபவர் யார் என்பதையும் அவற்றோடு எண்ணுதல் வேண்டும். தானே உண்ணவல்ல ஒருவரை உடன்பிறந்தோரும் உறவினரும் ஏற்று வைத்துக்கொள்ளுதல் எளிது. மூன்று வேளையும் ஊட்ட வேண்டியவரை ஏற்றல் அரிது. ஆகவே, தானே உண்ணக் கற்பித்தல் என்பது பெற்றோர் பிள்ளைக்கு விட்டுச்செல்லும் செல்வங்களுள் ஒன்று.

எல்லாக் குழந்தைகளும் முழுமையாகக் கற்றுவிடுவர் என்று சொல்வதற்கில்லை. கைகள் முற்றிலும் இயங்காத குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் ஊட்டவேண்டியும் வரலாம். அக்குழந்தையும் வாய் திறந்து கேட்கவும், போதும் என்று தலை திருப்பிக் காட்டவும், எது முதலில் வேண்டும் எனக் கண்ணால் சுட்டவும் கற்கலாம். அதுவும் உண்ணும் திறனே.

முதலில் இருக்கை

கற்பித்தல் கையில் தொடங்குவதாகப் பலர் கருதுவர். அது உட்காருவதில் தொடங்குகிறது. உடல் சாய்ந்துவிடாமல் நிற்பதற்கே முழு முயற்சியும் செலவாகும் குழந்தையால் மெல்லவும் விழுங்கவும் இயலாது. இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் செங்கோணமாக மடங்கி, பாதங்கள் தரையிலோ பலகையிலோ ஊன்றி இருக்க வேண்டும். தட்டு, மார்பின் உயரத்திற்குக் கீழே முழங்கை ஊன்றத்தக்க உயரத்தில் இருக்க வேண்டும். தலை நேராக, முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலை பின்னோக்கிச் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்தபடி நிற்க, உணவு அதனுள் வழுகிச் செல்லும் வாய்ப்பு மிகுதி. ஊட்டுபவர் நின்றபடி ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்க நேரும். ஆதலின் அவரும் குழந்தையின் கண்மட்டத்தில் அமர்தல் வேண்டும். தரையில் உண்ணும் இல்லங்களில், சுவரின் மூலையில் தலையணைகளால் அணைகொடுத்து, முன்னே தாழ்ந்த பலகை இட்டு உட்கார வைக்கலாம்.

தமிழ் இல்லங்களில் கைக்குழந்தையைக் காலில் கிடத்திச் சங்கிலும் பாலாடையிலும் புகட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விழுங்குவதில் தடையுள்ள குழந்தைக்கு அம்முறை ஆபத்தானது. 4 வயதிலும் 5 வயதிலும் மல்லாந்து கிடந்த நிலையிலேயே கூழும் பாலும் புகட்டப்படும் மூளை முடக்குவாதக் குழந்தைகளின் நுரையீரல் அதனால் துன்புறுகிறது.

உணவின்போது புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டி நீர் கொடுப்பதும் வழக்கம். எப்போதேனும் ஒருமுறை புரையேறுதல் யாவர்க்கும் உரியது. ஒவ்வொரு வேளையும் புரையேறுதல், உண்டபின் குரல் நீரில் தோய்ந்ததுபோல் களகளத்தல், கண்ணில் நீர் கோத்தல், முகம் நிறம் மாறுதல், காய்ச்சலும் சளியும் அடிக்கடி வருதல் ஆகியன உணவு மூச்சுக்குழாய்க்குள் செல்கிறது என்பதற்கான அறிகுறிகள். சில குழந்தைகளுக்கு இருமலே இல்லாமலும் உணவு உட்செல்வது உண்டு. இத்தகைய குழந்தையை முதலில் மருத்துவரிடமும் விழுங்குதலில் பயிற்சிபெற்ற பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டிய பிறகே வீட்டில் பயிற்சி தொடங்க வேண்டும்.

உணவு சிக்கிய குழந்தை வலுவாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுதலே நலம். அப்போது நீர் புகட்டலாகாது. குரலும் மூச்சும் எழாவிடில், முன்புறம் சாய்த்து, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை வலுவாகத் தட்ட வேண்டும். அதனாலும் வெளிவராவிடில், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையாயின், பின்னின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைகளைக் கோத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்த வேண்டும். உணவு வெளிவரும் வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருக்க, உடனிருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உணவை விரலிட்டுத் துழாவினால் அது மேலும் உள்ளே போய்விடும். திருவிழாக் காலத்தில் இதனை ஒருமுறைக்கு இருமுறை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். சீடை, முறுக்கு, வேர்க்கடலை, கல்கண்டு, முழுத் திராட்சை ஆகியன மெல்லத் தெரியாத குழந்தையின் கையில் அன்போடு கொடுக்கப்படுபவை. அவையே மிகுதியும் தொண்டையில் சிக்குபவை.

பதம் அறிதல்

உண்ணும் திறனைக் கற்பிப்பதில் சமையலறைக்கும் பங்கு உண்டு. உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுத்த உலகளாவிய அளவுகோல் ஒன்றை விழுங்குதல் துறை வல்லுநர் இன்று பயன்படுத்துகின்றனர். நீர் அதில் 0. கட்டுப்பாடற்ற வழக்கமான உணவு 7. நீர்போல் ஓடுவது விழுங்க எளிது என்று எண்ணுவது இயல்பு. தசைக் கட்டுப்பாடு குறைந்த குழந்தைக்கு அதுவே கடினம். நாக்கு ஆயத்தமாகும் முன்பே நீர் தொண்டைக்குள் ஓடிவிடுகிறது. கேழ்வரகுக் கூழ் போல் மெல்ல நகர்வது அத்தகைய குழந்தைக்கு எளிதாக அமையலாம். நீரும் பருக்கையும் கலந்த ரசம் சாதம் இன்னும் கடினமானது. நீர் முன்னே ஓட, பருக்கை வாயில் நிற்க, குழந்தை ஒரே நேரத்தில் இரு வேலை செய்ய நேர்கிறது. அதே சோற்றைப் பருப்பும் நெய்யும் இட்டுக் குழைய மசித்தால் ஒரே பதமாகிவிடும்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. தொண்டையில் சிக்கும் என்று அஞ்சி, எல்லா உணவையும் மிக்சியில் அரைத்து ஆண்டுக்கணக்கில் கொடுப்பது அது. மெல்லும் வாய்ப்பே பெறாத வாய் மெல்லக் கற்பதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பல்லாயிரம் குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, 10 மாதத்திற்குப் பின்பே கட்டியுள்ள உணவைக் கண்ட குழந்தைகளிடம் உண்பதில் சிக்கல் மிகுதியாக இருந்ததைக் காட்டியது. ஆகவே, விழுங்குதல் பாதுகாப்பானது என்று வல்லுநர் உறுதி செய்ததும், பதத்தைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். நைசாக அரைத்தது, கையால் மசித்தது, சிறு கட்டியுடன் மசித்தது, மிருதுவான துண்டு என்பது அந்த வரிசை. மெல்லப் பழக்கும்போது உணவை முன்பற்களில் வைக்காமல், நீளமாக நறுக்கிய மென்துண்டைக் கடைவாய்ப் பற்களின் நடுவே வைத்தல் வேண்டும். அப்போதுதான் நாக்கு பக்கவாட்டில் அசையத் தொடங்கும்.

மேலைநாட்டுக் கையேடுகளில் மசித்த உருளைக்கிழங்கும் வேகவைத்த காரட்டும் முட்டையும் தொடக்க உணவுகளாகக் காணப்படும். நாக்கை அசைக்கப் பழக்குவதற்கு உதட்டோரம் தேன் தடவச் சொல்வதும் உண்டு. கிழங்கும் முட்டையும் தேனும் விலக்கிய இல்லங்கள் இதனால் கலங்க வேண்டுவதில்லை. பயிற்சிக்கு வேண்டுவது உணவின் பெயரன்று, பதம். பரங்கிக்காய், சுரைக்காய், வாழைக்காய் மசியல், குழைந்த பாசிப்பருப்பு, கனிந்த வாழைப்பழம், பப்பாளி ஆகியன அதே பதத்தைத் தருகின்றன. உதட்டோரம் தடவுவதற்கு வெல்லப்பாகு போதும். சில கவளங்களிலேயே சோர்ந்துவிடும் குழந்தைக்கு நெய் சேர்த்தல், சிறிய அளவில் மிகுந்த ஆற்றலைத் தரும்.

இறுதிப் படியிலிருந்து தொடங்குதல்

இனி, கைக்கு வருவோம். ஒரு செயலைக் கற்பிப்பதற்கு முன் அதனைச் சிறு படிகளாகப் பிரித்தல் வேண்டும் என்பது சிறப்புக் கல்வியின் அடிப்படை. கரண்டியால் உண்பதைப் பின்வருமாறு பிரிக்கலாம்: கரண்டியைப் பற்றுதல், உணவில் நுழைத்தல், முகத்தல், உயர்த்துதல், வாயருகே கொண்டுவருதல், வாயிலிடுதல், உதட்டால் வழித்து வாங்குதல், கரண்டியைத் தட்டிற்குத் திருப்புதல்.

முதற்படியிலிருந்து தொடங்கிக் கற்பித்தால், குழந்தை பற்றுவதற்கும் முகப்பதற்கும் பெரிதும் பாடுபட்டு, பயனை அடையும் முன்பே சலித்துவிடும். ஆகவே இறுதிப் படியிலிருந்து தொடங்குவது சிறந்த முறை. தாய் குழந்தையின் பின்புறமோ பக்கத்திலோ அமர்ந்து, தன் கையைக் குழந்தையின் கைமேல் வைத்து, முதல் படிகள் அனைத்தையும் சேர்ந்தே செய்கிறாள். கரண்டி உதட்டருகே வந்ததும் கையின் பிடியைத் தளர்த்துகிறாள். எஞ்சிய ஓர் அங்குலத்தைக் குழந்தையே கடக்கிறது. அடுத்த நொடியே வாயில் உணவு. முயற்சிக்கு உடனே பயன். அது நிலைத்தபின் இரண்டு அங்குலம், பின்னர்ப் பாதி வழி, பின்னர்த் தட்டிலிருந்தே. தாயின் பிடியும் அவ்வாறே பின்வாங்குகிறது. குழந்தையின் விரல்களிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து தோளுக்கும் அந்தக் கை நகர்கிறது. முடிவில் ஒரு பார்வை போதும்.

பயிற்சியில் அளவும் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் நேத்தன் அஸ்ரின், ஆம்ஸ்ட்ராங் என்பவருடன் இணைந்து 1973-ஆம் ஆண்டு ஒரு முறையை வெளியிட்டார். மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உடையோர்க்கென வகுக்கப்பட்ட முறை அது. நாளைக்கு மூன்று முறை பெருவுணவு என்பதற்கு மாற்றாக, அதே உணவைப் பல சிறு வேளைகளாகப் பகிர்ந்து கொடுத்துப் பயிற்சியைப் பெருக்கினர். குழந்தைக்குப் பசி இருக்கும், சலிப்பு இராது, ஒரே நாளில் பலமுறை கற்கும் வாய்ப்பும் கிடைக்கும். வீட்டிலும் இதனைச் செய்யலாம். ஒவ்வொரு வேளையிலும் பசி மிகுந்த முதல் ஐந்து கவளங்களைக் குழந்தையே உண்ணட்டும். எஞ்சியதைத் தாய் ஊட்டட்டும். கற்பதற்காக வயிறு காய வேண்டியதில்லை. ஐந்து பத்தாகும்; பத்து முழு வேளையாகும். ஒரு வேளை அரை மணிக்கு மேல் நீண்டால் குழந்தை களைத்துவிடும். அதற்குள் முடித்தல் நன்று. மாதம் ஒருமுறை எடை பார்த்தல் தவறக்கூடாது.

நூல்கள் பெரும்பாலும் கரண்டியைப் பற்றியே பேசுகின்றன. தமிழ் இல்லத்தில் கையால் உண்பதே வழக்கு. அதற்கும் படிகள் உண்டு. பிசைந்த சோற்றை விரல்நுனியில் திரட்டிப் பெருவிரலால் வாய்க்குள் தள்ளுதல் பார்ப்பதற்கு எளிது, விரல்களுக்குக் கடினம். ஒரே கையால் தோசையைப் பிய்த்தல் அதனினும் கடினம். ஆகவே சோற்றில் தொடங்காமல், உதிராத இட்லித் துண்டில் தொடங்கலாம். அடுத்து, முன்பே பிய்த்து வைத்த தோசைத் துண்டு. அடுத்து, தாய் உருட்டி வைத்த சோற்றுருண்டை. அதன்பின் குழந்தையே உருட்டுதல். இறுதியில் பிசைதல். கையின் தொடுஉணர்வு மிகுந்து துன்புறும் குழந்தைக்குக் கரண்டியே முதலில் ஏற்றதாகலாம். எது எளிதோ அதுவே முன்னர்.

கருவிகளுக்காகப் பெருஞ்செலவு தேவையில்லை. கரண்டியின் காம்பில் துணியையோ பழைய சைக்கிள் கைப்பிடி ரப்பரையோ சுற்றிப் பருமனாக்கினால் பிடிப்பு வரும். விளிம்பு உயர்ந்த வட்டிலில் உணவு வெளியே வழியாமல் கரண்டிக்குள் ஏறும். தட்டின்கீழ் ஈரத்துணி இட்டால் தட்டு நகராது. கரண்டியைக் கவ்விக்கொள்ளும் குழந்தையிடமிருந்து அதனை இழுக்கலாகாது. இழுக்க இழுக்கப் பற்கள் இறுகும். தானே விடும்வரை பொறுத்தல் வேண்டும். கரண்டியை மேற்பற்களில் தேய்த்து உணவைக் கொட்டுவதும் தவறு. நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி, மேலுதடு தானே இறங்கி வழிக்கும்வரை காத்திருந்தால் உதடு தன் வேலையைக் கற்கும்.

வாயில் திணித்துக்கொள்ளும் குழந்தைக்குத் தட்டில் ஒரு நேரத்தில் இரண்டு துண்டுகளே வைத்து, அவை விழுங்கப்பட்ட பின் அடுத்தவை வைக்கலாம். கைப்பேசியைக் காட்டி ஊட்டும் பழக்கம் இன்று பரவியுள்ளது. அப்போது வாய் திறக்கிறது. குழந்தை உண்பதை அறிவதில்லை. கவனம் தட்டில் இல்லாத இடத்தில் கற்றல் நிகழாது.

வலுக்கட்டாயம் வேண்டா

மூக்கைப் பிடித்து வாயைத் திறத்தல், கைகளைக் கட்டி ஊட்டுதல், அழும் வாயில் கவளம் திணித்தல் ஆகியன சில இல்லங்களில் நல்லெண்ணத்தாலேயே நடைபெறுகின்றன. அழும்போது குழந்தை மூச்சை உள்ளிழுக்கிறது. வாயிலுள்ள உணவும் அதனோடு செல்லும். அச்சமும் உணவோடு பிணைந்துவிடும். அதன்பின் தட்டைக் கண்டாலே குழந்தை முகம் திருப்பும். ஓருயிரையும் வருத்தலாகாது என்னும் நெறி, உணவு எது என்பதோடு நில்லாமல், உணவு ஊட்டும் முறைக்கும் உரியது.

எல்லின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியலாளர் பொறுப்பை இரண்டாகப் பகுத்தார். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு. விழுங்குதலிலோ எடையிலோ இடர் உள்ள குழந்தைக்கு வல்லுநரின் கண்காணிப்பும் இதனோடு சேர வேண்டும். ஆயினும் அடிப்படை ஒன்றே. புதிய உணவை ஒரு குழந்தை ஏற்பதற்குப் பத்துப் பதினைந்து முறை அதனைச் சந்திக்க நேரலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இன்னும் பல முறை வேண்டும். தட்டின் ஓரத்தில் அது இருத்தலைப் பொறுத்துக்கொள்ளுதல், தொடுதல், முகர்தல், உதட்டில் வைத்தல், நக்குதல், கடித்தல் என ஒவ்வொன்றும் ஒரு படி. வெள்ளைச் சோறு மட்டுமே உண்ணும் சிறுவனுக்கு முதல் நாளே சாம்பார் ஊற்றினால் சோற்றையும் வெறுப்பான். ஒரு பருக்கை அளவு மாற்றத்தோடு தொடங்குதல் நன்று. முன்பு உண்டதைத் திடீரென மறுத்தால், பல்வலி, வாய்ப்புண், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். பேச இயலாத குழந்தை மறுப்பதன் வழியாகவே அதனைச் சொல்லும்.

வீடும் பந்தியும்

கதிரவன் மறையுமுன் உணவை முடிக்கும் வழக்கமுள்ள இல்லங்களில் மாலைப் பொழுது விரைவு மிக்கது. மெல்ல உண்ணும் குழந்தைக்கு விரைவே பகை. அக்குழந்தையின் மாலையுணவை மற்றவர்களுக்கு அரை மணி முன்பே தொடங்கினால், ஒளியும் இருக்கும், பொறுமையும் இருக்கும். நாள்தோறும் ஒரே நேரம் என்னும் ஒழுங்கு இக்குழந்தைகளுக்குப் பெரிதும் துணைசெய்வது. அவ்வொழுங்கு இவ்வில்லங்களில் முன்பே அமைந்திருப்பது நற்பேறு. பெரியோர் நோன்பிருக்கும் நாள்களிலும் குழந்தையின் வேளையும் அளவும் மாறாதிருக்க வேண்டும்.

வீட்டில் கற்றதை வெளியிலும் செய்ய இடம் வேண்டும். திருமணங்களிலும் விழாக்களிலும் இக்குழந்தைகளைப் பந்தியில் காண்பது அரிது. பின்கட்டிலோ வண்டியிலோ வைத்து ஊட்டி அழைத்துச் செல்லப்படுகின்றனர். அல்லது குடும்பமே வராமல் நின்றுவிடுகிறது. சிந்துவதைக் கண்டு பிறர் முகம் சுளிப்பர் என்பதே காரணம். இலையின்முன் உட்காரும் ஒரு குழந்தைக்கு வேண்டுவன மிகச் சில. கால் ஊன்ற ஒரு பலகை, சற்றே முன்கூட்டிய நேரம், குழைந்த சோறு ஒரு கரண்டி, பக்கத்து இலையில் அமர்ந்தவரின் இயல்பான முகம். இவை நான்கும் பரிமாறுவோராலும் உறவினராலும் இன்றே தரக்கூடியவை. "இவ்வளவு பெரிய பையனுக்கு இன்னும் ஊட்டுகிறாயா?" என்று தாயை வினவுவதிலும், "அவனே சாப்பிடட்டும், சிந்தினால் சிந்தட்டும்" என்று சொல்வதில் பயன் மிகுதி.

துணை தேடுவோர்க்கு வழிகளும் உண்டு. 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்தன; பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோர்க்குப் பரிசோதனையும் வழிகாட்டலும் அத்திட்டத்தில் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், இயன்முறை மருத்துவர், சிறப்பாசிரியர் ஆகிய நால்வரும் உண்ணும் பயிற்சியில் ஒருவர்க்கொருவர் துணையாவோர். எவ்வளவு இளமையில் தொடங்கினும் நன்று. பிந்திவிட்டது என்று கைவிடுதல் மட்டும் தகாது. பெரியவர்களான பின்னும் கற்றோர் உளர்.

அவையோரே, இவ்வுரையில் கூறப்பட்டவை அனைத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டுவதில்லை. அத்தகைய குழந்தை உள்ள இல்லத்தார், இருக்கையைச் சரிசெய்து, நாளைக் காலையுணவின் முதல் கவளத்தில் உதட்டருகே கையைத் தளர்த்திப் பார்த்தல் போதும். பத்து நாள் எவ்வித மாற்றமும் தெரியாதிருக்கலாம்; பதினொன்றாம் நாள் குழந்தையின் கை சிறிது முன்னே வரலாம். அந்நாள் வரும்வரை பொறுத்திருக்கத் தாய்க்கு வலிமை வேண்டும். அவ்வலிமையைத் தருவது சுற்றத்தாரின் கடன்.